ஜெயிக்க வாய்ப்பில்லாத வேட்பாளர்களுக்குச் செய்தியில் எவ்வளவு இடம்? எதை வைத்து முடிவு செய்வது?

வைகைக்கரை கேட்டது:

மாவட்ட அளவில் இயங்கும் சிறிய செய்தித்தளம் எங்களுடையது. இரண்டு நிருபர்கள், ஒரு வீடியோகிராபர். சட்டமன்றத் தேர்தல் என்றால் ஒரு தொகுதிக்கு 20 முதல் 30 பேர் வரை இறுதிப் பட்டியலில் நிற்கிறார்கள். நான்கைந்து பேருக்கு மேல் யாரையும் தொடர்ந்து பின்தொடர ஆள்பலம் இல்லை.

இப்போது நடப்பது இதுதான். வேட்புமனுத் தாக்கல் அன்று ஒருவர் டெபாசிட் தொகையைச் சில்லறை நாணயமாக மூட்டை கட்டிக்கொண்டு வருவார், இன்னொருவர் வேடம் போட்டு வருவார். அந்த வீடியோ நன்றாக ஓடும். அதோடு அவர்கள் பெயர் மறைந்துவிடும். பிறகு வாக்கு எண்ணிக்கை அன்று 'டெபாசிட் இழந்தனர்' என்ற ஒற்றை வரியில்தான் வருவார்கள். தெருத் தெருவாகப் போய் வேலை செய்யும் சுயேச்சையோ பதிவு பெற்ற சிறு கட்சி வேட்பாளரோ அந்த வீடியோவிலும் இல்லை, செய்தியிலும் இல்லை. 'எங்களை ஏன் போடவில்லை' என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் தரப்போ 'ஜெயிக்காதவருக்கு எதற்கு இடம்' என்கிறது.

தெரிந்துகொள்ள விரும்புவது: யாருக்கு எவ்வளவு இடம் என்பதற்கு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல் உண்டா? அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? 'காசு வாங்கிக்கொண்டு போட்ட செய்தி' என்ற புகாரில் சிக்காமல் இருப்பது எப்படி? கருத்துக்கணிப்பில் 'மற்றவர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது சரியா?

---

இரவுப்பணி பதில்:

இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கட்டாயமாகக் கிடைக்க வேண்டியது ஒன்று. காரணம் இருந்தால் மட்டும் கிடைப்பது இன்னொன்று. இரண்டையும் குழப்புவதால்தான் 'எல்லோருக்கும் சம இடம்' என்று ஒருவரும் 'ஜெயிப்பவருக்கு மட்டும்' என்று இன்னொருவரும் நின்றுகொள்கிறார்கள். இரண்டுமே நடைமுறைக்கு ஆகாது.

கட்டாயம் கிடைக்க வேண்டியது ஓர் அட்டவணை. வாக்குச்சீட்டில் உள்ள வரிசை எண், அதில் அச்சாகும் அதே எழுத்தில் பெயர், கட்சி அல்லது சுயேச்சை, சின்னம், வயது, படிப்பு, தொழில், நிலுவை வழக்குகள், சொத்தும் கடனும், அவர் முதன்மையாகக் கேட்கும் ஒரே ஒரு விஷயம். இவற்றை வேட்பாளர் மனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். ஒன்றைப் படித்து அட்டவணையில் ஏற்ற இருபது நிமிடம் என்று வையுங்கள். 25 பேருக்கு ஒருவரின் ஒருநாள் வேலை. அதைக்கூடச் செய்ய ஆளில்லை என்று எந்தச் செய்தி அறையும் சொல்ல முடியாது. பிரிட்டனில் ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் ஆஃப்காம், ஒரு தொகுதியைப் பற்றி விரிவாகப் பேசும் நிகழ்ச்சியில் அங்கே போட்டியிடும் அத்தனை பேரின் பெயரும் கட்சியும் இடம்பெற வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. நமக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் வாக்காளர் எந்திரத்தின் முன் நிற்கும்போது அத்தனை பெயரையும் பார்க்கத்தானே போகிறார்?

அட்டவணையை எப்போது வெளியிடுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மனுத்தாக்கல் முடிந்த அன்றே பட்டியல் போட்டால் அதில் கட்சிகள் முன்னெச்சரிக்கையாக மனுப்போட வைத்த மாற்று வேட்பாளர்கள் இருப்பார்கள், பரிசீலனையில் தள்ளுபடி ஆகப்போகிறவர்கள் இருப்பார்கள், வாபஸ் வாங்கப்போகிறவர்கள் இருப்பார்கள். சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்குவதே வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான். ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால் குலுக்கல். ஆகவே படிவம் 7ஏ, அதாவது போட்டியிடுவோரின் இறுதிப் பட்டியல், கைக்கு வந்த பிறகே வெளியிடுங்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடி, பிறகு ஏற்பு, மறுபடி தள்ளுபடி என்று ஒரே நாளில் செய்தி மாறி மாறி வந்தது. சுயேச்சைக்குத் தேவையான பத்து முன்மொழிபவர்களில் இருவரின் கையெழுத்து பற்றிய தகராறு அது. தேர்தல் நடத்தும் அலுவலர் எழுத்தில் உத்தரவு தரும்வரை காத்திருந்தவர்கள் யாரும் செய்தியைத் திருத்த வேண்டி வரவில்லை.

இனி, கூடுதல் இடத்துக்கு. நான் பரிந்துரைப்பது நான்கு கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் தனிச் செய்தி, இரண்டுக்கு 'ஆம்' என்றால் களத்துக்கு ஒரு நிருபர்.

போன தேர்தலின் வெற்றி வித்தியாசத்தைவிட இவர் அதிக வாக்கு வாங்கக்கூடியவரா? 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. மொடக்குறிச்சியில் 281. மேட்டூரில் 656. 2016-இல் ராதாபுரத்தில் 49. இப்படிப்பட்ட தொகுதிகளில் ஆயிரம் வாக்கு வாங்கும் சுயேச்சையைப் பார்க்காமல் விட்டால் தேர்தலின் பாதியைப் பார்க்காமல் விட்டதாகும்.

களத்தில் ஆள் இருக்கிறதா? 'உங்களுக்கு எத்தனை வாக்குச்சாவடியில் ஏஜென்ட் இருக்கிறார்கள், பட்டியலைக் காட்ட முடியுமா' என்று கேளுங்கள். ஒரு தொகுதியில் ஏறக்குறைய முந்நூறு சாவடி இருக்கும். அவற்றில் நாற்பதில் ஆள் இருக்கிறது, அதுவும் அடுத்தடுத்த ஊர்களில் என்றால் அங்கே ஏதோ நடக்கிறது. கூட்டத்தின் படத்தைவிட இந்தப் பட்டியல் நம்பகமானது. வாடகைக்குக் கூட்டம் சேர்க்கலாம். காலை ஐந்தரை மணிக்கு, எந்திரத்தைச் சரிபார்க்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு வந்து மாலைவரை உட்காரும் ஆளைச் சேர்ப்பது கடினம்.

இவர் எழுப்பும் பிரச்சினை உண்மையானதா, பெரிய கட்சிகள் பேசாததா? 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் கோரிக்கைகளைக் கவனிக்க வைக்க நினைத்த விவசாயிகள். வாக்குச்சீட்டையே புத்தகமாக அடிக்க வேண்டியிருந்தது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அதே ஆண்டு அப்போதைய ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர். அங்கே காரணம் புளோரைடு கலந்த குடிநீர். 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் 185 பேர், அவர்களில் 178 பேர் விவசாயிகள். மஞ்சள் வாரியமும் மஞ்சளுக்கும் செஞ்சோளத்துக்கும் ஆதரவு விலையும் கேட்டார்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவு எந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. அப்போதைய முதல்வரின் மகள் கவிதா தோற்றார். மஞ்சள் வாரியம் தருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்த பாஜகவின் அரவிந்த் வென்றார். 2023-இல் வாரியம் அறிவிக்கப்பட்டது, 2025 ஜனவரியில் நிஜாமாபாதிலேயே தொடங்கப்பட்டது. அந்த 178 பேரில் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. 'ஜெயிக்காதவருக்கு எதற்கு இடம்' என்ற உங்கள் ஆசிரியரிடம் இந்த ஒன்றைக் காட்டுங்கள்.

நான்காவது, தேர்தலுக்குத் தேர்தல் ஏறுகிறாரா? நாம் தமிழர் கட்சி 2016 சட்டமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 1 சதவீதம், 2019 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 4, 2021-இல் 6-ஐத் தாண்டியது, 2024-இல் 8-ஐத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. இத்தனைக்கும் ஒரு தொகுதியும் வெல்லவில்லை. தொகுதி கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இது பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்குப் போன கட்சி. வாக்கு கணக்கைப் பார்த்தவர்களுக்கு எட்டாண்டில் எட்டு மடங்கு வளர்ந்த கட்சி.

ஒரு எச்சரிக்கை. இடம் கொடுப்பது வேறு, 'கடும் போட்டி தருகிறார்' என்று எழுதுவது வேறு. 2017-இல் மணிப்பூரின் தௌபாலில் முதல்வர் இபோபி சிங்கை எதிர்த்து நின்ற இரோம் ஷர்மிளா வாங்கியது 90 வாக்கு. நோட்டாவுக்கு 143. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்துப் பதினாறு ஆண்டு உண்ணாவிரதம் இருந்தவர் அவர். நாடு முழுக்க அவரைப் பற்றி எழுதியது மிகச் சரி. முதல்வருக்குச் சவால் என்று களநிலவரம்போல எழுதியதுதான் தவறு. அதைச் சாவடி ஏஜென்ட் கேள்வி ஒன்றே தடுத்திருக்கும்.

---

படிவம்26 பதில்:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

காசுச் செய்தி புகார் எப்படி நகரும் என்றால்: மாவட்டத்தில் உள்ள ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு (எம்.சி.எம்.சி. என்றே எல்லோரும் சொல்வது) சந்தேகத்துக்குரிய செய்தியைக் குறித்தால், வெளிவந்த 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்புவார். வேட்பாளர் 48 மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும். ஏற்கப்படாவிட்டால் அந்த இடத்துக்கான விளம்பரக் கட்டணம் அவருடைய தேர்தல் செலவில் ஏறும். மாநிலக் குழுவுக்கு மேல்முறையீடு உண்டு. நோட்டீஸ் வேட்பாளருக்குத்தான் என்றாலும் பத்திரிகையின் பெயரும் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் போகும். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், காசுச் செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-இல் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

குழு எதைப் பார்க்கும்? போட்டிப் பத்திரிகைகளில் ஒரே படம், ஒரே தலைப்பு, ஒரே வாசகம், ஆனால் வேறு வேறு பைலைன், அதாவது எழுதியவர் பெயர். ஒரே பக்கத்தில் இரண்டு வேட்பாளர்களுமே ஜெயிப்பது உறுதி என்று இரண்டு கட்டுரை. எல்லாச் சமூகமும் இவர் பின்னால் என்ற தொனி. எதிர்த்தரப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. சிறிய தளங்கள் இதில் மாட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் காசு அல்ல, சோம்பல். வேட்பாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பை அப்படியே ஒட்டுவார்கள். அதே குறிப்பை இன்னும் நான்கு தளங்கள் ஒட்டியிருக்கும். அப்புறம் விளக்கம் சொல்லி மாளாது.

இரவுப்பணி சொன்னதுபோல அளவுகோலை எழுதி, தேதி போட்டு, தாக்கல் தொடங்கும் முன்பே தளத்தில் வெளியிட்டுவிடுங்கள். எல்லோருக்கும் அனுப்பிய கேள்வித்தாள், பதில் வந்த நேரம், பதில் வராதவர் பெயர் ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். ஒரு சுயேச்சையின் பேட்டி ஏன் வந்தது என்று குழு கேட்டால் அந்தக் கோப்பே பதில்.

விளம்பரம் வாங்கினால்: தொலைக்காட்சி, கேபிள், வானொலி, சமூக ஊடகம் உள்ளிட்ட மின்னணு விளம்பரத்துக்கு அதே எம்.சி.எம்.சி. குழுவின் முன்சான்று வேண்டும். போட்டியிடும் வேட்பாளர் மூன்று நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்கள் ஏழு நாள் முன்பு. அச்சு விளம்பரத்துக்கு வாக்குப்பதிவு நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் மட்டும் முன்சான்று. சுயேச்சைகளுக்கு இது தெரியாமல் கடைசி நாளில் கொண்டுவந்து நீட்டுவார்கள். சான்று எண் இல்லாமல் வாங்காதீர்கள்.

குற்ற வழக்கு உள்ள வேட்பாளர், சுயேச்சையே ஆனாலும், அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும்: வாபஸ் நாளுக்குப் பிறகு முதல் 4 நாளுக்குள் ஒன்று, 5 முதல் 8-ஆம் நாளுக்குள் ஒன்று, 9-ஆம் நாளிலிருந்து பிரச்சாரம் முடியும்வரை ஒன்று. யார் வெளியிட்டார், யார் வெளியிடவில்லை என்பதே ஒரு செய்தி. அதை எழுத ஒரு நிருபரும் வெளியே போக வேண்டியதில்லை.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய கடைசி 48 மணி நேரத்தில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ஆம் பிரிவு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்துகிறது. அச்சுக்கு அந்தத் தடை இல்லை. உங்களுடையது வீடியோவும் போடும் தளம் என்பதால் புதிய பேட்டி வீடியோவை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பெரிய கட்சிக்காரருக்கு முதல் வாரத்திலும் சுயேச்சைக்குக் 'கடைசியில் பார்க்கலாம்' என்றும் தள்ளினால் சுயேச்சையின் பேட்டி இந்த 48 மணி நேரத்தில் போய் விழுந்து வெளிவராமலே போகும். இது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று. வாபஸ் நேரம் முடிந்த பிறகு ஒருவர் 'இன்னாருக்கு ஆதரவாக ஒதுங்குகிறேன்' என்று அறிவித்தால் 'போட்டியிலிருந்து விலகினார்' என்று எழுதாதீர்கள். அவர் பெயரும் சின்னமும் எந்திரத்தில் அப்படியே இருக்கும், விழும் வாக்கு அவருக்கே எண்ணப்படும். 'ஆதரவு அறிவித்தார், ஆனால் பெயர் வாக்குச்சீட்டில் நீடிக்கும்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

---

பூத் ஏஜென்ட் பதில்:

சுயேச்சைகளில் ஒரு பகுதியினர் பெரிய கட்சிகள் நிறுத்தும் டம்மிகள் என்பதை மேலே யாரும் சொல்லவில்லையே. அதைக் கண்டுபிடிக்காமல் இடம் கொடுத்தால் நீங்கள் மறைமுகமாக ஒரு பெரிய கட்சிக்கே இரண்டாவது இடம் கொடுத்ததாகிவிடும்.

டம்மி எதற்கு? ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாகன அனுமதி உண்டு, சாவடியில் ஒரு ஏஜென்ட், எண்ணும் மேஜையில் ஒரு ஏஜென்ட். டம்மி பெயரில் வாங்கினால் பெரிய கட்சிக்கு ஒரு சாவடியில் இரண்டு ஆள், சாலையில் கூடுதல் வண்டி. செலவும் தன் கணக்கில் ஏறாது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். அதற்குள் காட்ட முடியாததை இப்படித் தள்ளிவிடுவார்கள்.

எப்படிப் பிடிப்பது: மனுவில் முன்மொழிந்த பத்துப் பேரின் வாக்காளர் பட்டியல் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே தெரு, அதுவும் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் குடும்பம் என்றால் விஷயம் புரிந்துவிடும். அடுத்து, வாகன அனுமதி பெற்ற வண்டிகள் எந்தக் கொடியோடு ஓடுகின்றன என்று பாருங்கள். உண்மையாக நிற்பவருக்கு முன்மொழிபவர்கள் பல ஊர்களில் சிதறி இருப்பார்கள், அல்லது ஒரு குறிப்பிட்ட பிரச்சினை உள்ள ஊரில் குவிந்திருப்பார்கள். இரண்டுமே உங்களுக்குச் செய்தி.

பெயர் ஒற்றுமை வேட்பாளர் இன்னொரு வகை. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் வேறு சிலரும் மனுப்போட்டுப் பட்டியலில் வந்தார்கள். அவர் இரண்டாமிடம் பிடித்தார். இத்தகைய இடத்தில் அந்தப் பெயருள்ள அத்தனை பேரையும் வரிசை எண், சின்னம், புகைப்படத்தோடு ஒரே பெட்டிச் செய்தியாகப் போடுவது வாக்காளருக்குச் செய்யும் பெரிய உதவி. வாக்குச்சீட்டில் 2015 முதல் படம் உண்டு என்றாலும் அது சிறியது, 2025 வரை கறுப்பு வெள்ளையில்தான் இருந்தது. கண் மங்கிய முதியவருக்குச் சின்னம்தான் துணை.

இதை எதிர்ப்பக்கமிருந்தும் சொல்ல வேண்டும். உண்மையான சுயேச்சைக்காக வேலை செய்பவர்கள் இதைப் படித்தால்: செய்தி அறைக்கு மூன்று பக்க வாழ்க்கை வரலாறு அனுப்பாதீர்கள். ஒரே பக்கம். வரிசை எண், சின்னத்தின் தெளிவான படம், முகம் தெரியும் ஒரு புகைப்படம், மூன்று கோரிக்கை. கோரிக்கையில் ஊரும் அளவும் இருக்கட்டும். 'குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்ப்பேன்' என்பதை எந்தச் செய்தி டெஸ்க்கும் எடுக்காது. 'இன்ன ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு இன்ன மாதத்திலிருந்து தண்ணீர் ஏறவில்லை' என்றால் நிருபர் வருவார், ஏனென்றால் அதைப் போய்ச் சரிபார்க்க முடியும். மறுநாள் செல்லும் வழித்தடத்தை முந்தின இரவு ஏழு மணிக்குள் அனுப்புங்கள். காலை எட்டு மணிக்கு அனுப்பினால் வீடியோகிராபர் ஏற்கெனவே வேறு பக்கம் போயிருப்பார்.

செலவுக் கணக்கிலும் கவனம். மனுப்போடும் நாளுக்கு ஒருநாள் முன்பாவது தேர்தலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை கணக்கேட்டைக் காட்ட வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்காவிட்டால் மூன்றாண்டு தகுதிநீக்கம் வரலாம். தோற்ற சுயேச்சைகளில் பலர் இதில்தான் அடுத்த தேர்தலை இழக்கிறார்கள். பத்திரிகையாளர் சந்திப்புக்கு மண்டபம் எடுத்தாலும் செலவுதான், எழுதுங்கள். ஊடகம் தானாக எடுக்கும் பேட்டி செலவாகாது.

---

சுற்றுவாரியாக பதில்:

கருத்துக்கணிப்புக் கேள்விக்கு வருகிறேன். தொகுதியில் 600 பேரிடம் கேட்கிறீர்கள். அவர்களில் 12 பேர் ஒரு சுயேச்சையைச் சொன்னால் 2 சதவீதம். மாதிரி முற்றிலும் சீராக எடுக்கப்பட்டது என்று வைத்தாலும் உண்மை அளவு 1-இலிருந்து 3 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே 2 சதவீதம் உள்ளவர் 1 சதவீதம் உள்ளவரை முந்துகிறார் என்று எழுத இந்தக் கணிப்பு இடம் தராது. அந்த வகையில் 'மற்றவர்கள்' என்று சேர்ப்பதில் தவறில்லை. தவறு கேள்வி கேட்கும் இடத்தில் நடக்கிறது. நான்கு கட்சிப் பெயரை மட்டும் படித்துவிட்டு 'இவர்களில் யாருக்கு' என்று கேட்டால் மற்றவருக்கு வாக்களிக்க இருப்பவரும் நான்கில் ஒன்றைச் சொல்லிவிடுவார். மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து விரலை வைக்கச் சொல்லுங்கள், அல்லது பெயர் எதையும் சொல்லாமல் கேளுங்கள். எந்த முறையில் கேட்டீர்கள் என்பதை வாசகருக்கு எழுதுங்கள்.

அடுத்து, முடிவு நாளில் எல்லோரும் செய்யும் தவறு: 'சுயேச்சை வாக்கைப் பிரித்ததால் தோற்றார்'. வெற்றி வித்தியாசம் 600, சுயேச்சை வாங்கியது 2,400 என்று வையுங்கள். 2,400 பேரும் எப்படியும் வாக்களிக்க வந்திருப்பார்கள், முதல் இருவரில் ஒருவருக்கே போட்டிருப்பார்கள் என்று கொண்டாலும், தோற்றவருக்கு அவர்களில் 1,501 பேராவது போட்டிருக்க வேண்டும். அதாவது எட்டுக்கு ஐந்து பேருக்கு மேல். பாதிப் பேர் அந்தச் சுயேச்சை நிற்காவிட்டால் வாக்களிக்கவே வந்திருக்க மாட்டார்கள் என்றால் மீதி 1,200-இல் 901 பேர் தோற்றவருக்குப் போட்டிருக்க வேண்டும். நான்கில் மூன்று பங்குக்கும் மேல். அப்படி ஒரே பக்கம் சாயும் வாக்கு அது என்பதற்கு ஆதாரம் இருந்தால் எழுதுங்கள். வித்தியாசத்தைவிட அதிகம் என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

ஆதாரம் படிவம் 20-இல் கிடைக்கும். சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு அதில் இருக்கும். முந்தைய தேர்தலின் படிவம் 20-ஐ அருகில் வைத்து, சுயேச்சைக்கு அதிகம் விழுந்த சாவடிகளில் எந்தக் கட்சியின் பங்கு சரிந்திருக்கிறது என்று பாருங்கள். இடையில் சாவடிகள் பிரிக்கப்பட்டு எண் மாறியிருக்கலாம், எண்ணை நம்பாமல் பள்ளிக்கூடப் பெயரையும் தெருவையும் வைத்துப் பொருத்துங்கள். இந்த வேலைக்கு இரண்டு நாள் ஆகும். ஆனால் முடிவு வந்த அன்று யாரும் எழுத முடியாத செய்தி உங்களிடம் மட்டும் இருக்கும்.

டெபாசிட் கணக்கு: செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். செல்லுபடியான வாக்கு 1,80,000 என்றால் சரியாக 30,000 வாங்கியவரும் இழக்கிறார், 30,001 வேண்டும். நோட்டாவை மொத்தத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்துக் கணக்குப் போட்டு, எல்லையில் நிற்பவரை டெபாசிட் இழந்தவராக எழுதிவிடுகிறார்கள். மும்முனைப் போட்டியில் மூன்றாமிடம் வந்த பெரிய கட்சி வேட்பாளரும் டெபாசிட் இழப்பது உண்டு. ஆகவே அதைச் சுயேச்சைகளின் அடையாளமாக மட்டும் எழுதுவது சரியல்ல.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். நாணய மூட்டை வீடியோக்களை முழுக்கத் தவிர்ப்பதா? மேட்டூர் பத்மராஜன் போலத் தொடர்ந்து நின்றுகொண்டே இருப்பவர்களை எப்படி எழுதுவது?

---

இரவுப்பணி பதில்:

தவிர்க்க வேண்டியதில்லை. டெபாசிட்டை ரொக்கமாகக் கட்டலாம் என்பது சட்டம். சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. நாணயத்தில் கட்டுபவர் பெரும்பாலும் ஏதோ சொல்ல வருகிறார். வீடியோவில் அந்தக் காரணத்தை முதல் பதினைந்து விநாடிக்குள் அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள், அதைச் சரிபார்த்து ஒரு வரி சேருங்கள். காரணம் கேட்காமல் எடுத்த காட்சியை வெளியிட வேண்டாம். இன்னொன்று, அன்று அதே அலுவலகத்துக்கு அமைதியாக வந்து மனுப்போட்டவர்கள் எத்தனை பேர், யார் யார் என்ற பட்டியலும் அந்த வீடியோவின் குறிப்பில் இருக்கட்டும்.

பத்மராஜன் 1988-இல் மேட்டூரில் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்றவர். வெல்வது நோக்கமல்ல என்று வெளிப்படையாகச் சொல்பவர். அவர் அதிகம் வாங்கியது 2011-இல் மேட்டூரில், 6,273 வாக்கு. ஒவ்வொரு தேர்தலிலும் 'தேர்தல் மன்னன் மீண்டும் களத்தில்' என்று அதே கட்டுரை வருகிறது. எழுத வேண்டியது வேறு: 1,033 பேர் நின்ற மொடக்குறிச்சித் தேர்தலுக்குப் பிறகு சட்டமன்ற டெபாசிட் 250-லிருந்து 5,000 ஆனது, பிறகு 10,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் என்ற விதி வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்க முடியாது என்றானது. ஒரு சாதாரண ஆள் போட்டியிட இன்று என்ன செலவாகிறது, எந்த இடத்தில் மனு தள்ளுபடி ஆகிறது என்பதை இவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் குறைவு. அந்தக் கேள்விகளோடு போங்கள்.

---

படிவம்26 பதில்:

அதோடு ஒரு சேர்க்கை. பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக்கூடாது. பொருந்தாத இடத்தில் 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அலுவலர் நோட்டீஸ் கொடுத்தும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடி. வழக்கறிஞர் அணி உள்ள கட்சிகள் இதில் மாட்டுவதில்லை, சுயேச்சைகள் மாட்டுகிறார்கள். பரிசீலனை அன்று ஒரு நிருபரை முழுநாளும் அங்கே உட்கார வையுங்கள். எத்தனை மனு எந்தக் காரணத்துக்காகத் தள்ளுபடி ஆனது என்று காரணவாரியாக எழுதி வாங்கி வரட்டும். உறுதிமொழி எடுக்காதது, முன்மொழிபவர் வேறு தொகுதி வாக்காளர், காலிக் கட்டம் என்று பிரித்தால் அடுத்த முறை நிற்கப்போகிறவர்களுக்கும் அது பயன்படும்.